கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி பி.எஸ்.என். வரை: அமெரிக்காவில் ஒரே ஓட்டத்தில் இரண்டு நர்சிங் பட்டங்கள்

அமெரிக்காவில் ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கு முக்கியமாக இரண்டு பாதைகள். ஒன்று, கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் படிக்கும் அசோசியேட் பட்டம், ஏ.டி.என். மற்றொன்று, பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளநிலைப் பட்டம், பி.எஸ்.என். எதைப் படித்தாலும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு, வாங்குவது ஒரே லைசென்ஸ். செலவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அப்படியானால் கம்யூனிட்டி காலேஜே போதுமே என்று தோன்றும். வேலைக்கு விண்ணப்பிக்கும் நாள் வரை அப்படித்தான் தோன்றும்.

ஏ.டி.என். படிப்பு பிறந்ததே ஆள் பற்றாக்குறையால். 1951-ல் மில்ட்ரெட் மாண்டாக் என்ற நர்சிங் பேராசிரியர், இரண்டு ஆண்டுகளில் கம்யூனிட்டி காலேஜிலேயே நர்ஸ்களை உருவாக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். அடுத்த ஆண்டே சோதனை முயற்சி தொடங்கியது. அது பரவி, இன்று நாடு முழுவதும் வேரூன்றிய படிப்பாகிவிட்டது. 2010-ல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை, 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். முடித்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் மருத்துவமனைகளின் எதிர்பார்ப்பு மாறிவிட்டது. சிறந்த நர்சிங் தரத்துக்குத் தரப்படும் மேக்னெட் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் நர்ஸ் மேனேஜர் ஆகக் குறைந்தது நர்சிங்கில் இளநிலைப் பட்டம் வேண்டும். நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் சட்டமே போட்டுவிட்டது: அந்தச் சட்டத்துக்குள் வரும் புதிய ஆர்.என்.கள் லைசென்ஸ் வாங்கிய பத்து ஆண்டுக்குள் நர்சிங் இளநிலைப் பட்டம் முடிக்க வேண்டும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் கம்யூனிட்டி காலேஜும் பல்கலைக்கழகமும் கைகோர்த்து நடத்தும் கூட்டுப் படிப்புகள் வந்தன. இவற்றைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: படிப்பு ஒன்று போலத் தெரிந்தாலும் விதிப் புத்தகங்கள் இரண்டு. மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல, இந்த இரண்டு புத்தகங்களும் சேரும் இடத்தில்தான்.

கூட்டு என்றால் எந்த வகைக் கூட்டு?

கல்லூரி இணையதளத்தில் “பார்ட்னர்ஷிப்” என்று பார்த்ததும் மயங்கிவிட வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதல் வகையில் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் படிப்பீர்கள். அரிசோனாவின் மாரிகோப்பா கம்யூனிட்டி காலேஜ்கள் இதற்கு நல்ல உதாரணம். ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள அந்தக் கல்லூரிகளில் ஒன்றில் நர்சிங் வகுப்பும் கிளினிக்கல் எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியும் நடக்கும்போதே, அரிசோனா ஸ்டேட், நார்தர்ன் அரிசோனா போன்ற கூட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடங்களையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஏ.டி.என். முடியும்போது பி.எஸ்.என்.னும் கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

இரண்டாவது வகையில், ஒரு பட்டத்தை முடித்து மற்றதற்குள் நேராக நடந்து போவீர்கள். ஓரிகன் மாநிலத்தில் ஓ.எச்.எஸ்.யூ. பல்கலைக்கழகமும் பல கம்யூனிட்டி காலேஜ்களும் பாடத்திட்டத்தையே பொதுவாக்கிக்கொண்டு ஒரு கூட்டமைப்பு நடத்துகின்றன. கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் பட்டம் வாங்கியவர், விட்ட இடத்திலிருந்து ஓ.எச்.எஸ்.யூ.வில் தொடரலாம். நியூ மெக்ஸிகோவிலும் மாநில அளவில் ஒரே பாடத்திட்டம் உண்டு. நியூயார்க் நகரில் குவீன்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் ஹன்டர், யார்க் போன்ற க்யூனி (நியூயார்க் நகரப் பல்கலைக்கழக) கல்லூரிகளுக்குப் போக இணைப்புத் திட்டம் இருக்கிறது.

மூன்றாவது வகை வெறும் கிரெடிட் மாற்று ஒப்பந்தம். “எங்கள் ஏ.டி.என். கிரெடிட்டை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்” என்பதோடு சரி. பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று அதற்கு அர்த்தமில்லை. புதிதாக விண்ணப்பித்துத்தான் சேர வேண்டும். இதுவும் மோசமில்லை. ஆனால் முதல் வகை என்று நம்பி மூன்றாவது வகையில் சேர்ந்தவர்களுக்கு ஓராண்டு வீணாவது சர்வ சாதாரணம். அட்வைசரிடம் நேராகக் கேளுங்கள்: “எனக்கு இரண்டு இடத்திலும் இப்போதே அட்மிஷன் உண்டா, அல்லது பிறகு விண்ணப்பிக்க வேண்டுமா?” பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதை உங்களுக்கானதா?

ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் நிற்கவும். பி.எஸ்சி., பி.இ., பி.காம். என்று ஊரில் ஏதாவது முடித்திருந்தால், துரித பி.எஸ்.என். என்ற தனிப்பாதை உண்டு. 12 முதல் 18 மாதங்களில் முடிந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் விலை அதிகம், மூச்சு விட நேரமும் இருக்காது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் கம்யூனிட்டி காலேஜ் வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது: வீட்டுக்குப் பக்கம், மலிவு, முன்பாடங்களை ஒவ்வொன்றாக மாலை வகுப்பில் முடிக்கலாம்.

இந்தியாவில் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கு இந்தப் பாதையே தேவையில்லை. அவர்கள் முதலில் சான்றிதழ் மதிப்பீட்டை முடித்து, மாநில நர்சிங் போர்டு வழியாக என்கிளெக்ஸ் எழுத முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். ஜி.என்.எம். படித்தவர் ஆர்.என். லைசென்ஸ் வாங்கியபின் பி.எஸ்.என். மட்டும் ஆன்லைனில் முடிக்கலாம்.

அப்புறம் விசா. எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினராக இருப்பவர்கள் தனி மாணவர் விசா இல்லாமலே முழுநேரம் படிக்கலாம். படிப்பு வேறு, வேலை வேறு. வேலை அனுமதி அட்டை இல்லாமல் நர்ஸாகச் சம்பளம் வாங்க முடியாது. வாழ்க்கைத்துணையின் கிரீன் கார்டு மனு ஒப்புதல் பெற்றிருப்பது போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால்தான் அந்த அட்டை. அதோடு, 40-க்கும் மேற்பட்ட இடங்களில் செல்லுபடியாகும் பல-மாநில லைசென்ஸுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். எச்-4-ல் வந்த பிள்ளைகளுக்கு 21 வயதில் அந்த அந்தஸ்து முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் படிப்பின் கால அட்டவணையைப் போட வேண்டும். இந்த மூன்றையும் சேருவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசித் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

முதல் படி: அங்கீகாரத்தைப் பாருங்கள்

இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. ஒன்று, மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல். இது இல்லாத படிப்பை முடித்தால் என்கிளெக்ஸ் எழுதவே முடியாமல் போகலாம். இரண்டாவது, தேசிய அளவிலான தர அங்கீகாரம். ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. என்ற அமைப்புகள் அசோசியேட் படிப்புக்கும் தரும், சி.சி.என்.இ. இளநிலைக்கும் அதற்கு மேலும்தான் தரும். அதனால் கம்யூனிட்டி காலேஜில் ஓர் அமைப்பின் பெயரும் பல்கலைக்கழகத்தில் வேறொன்றின் பெயரும் இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு படிப்புக்கும் தனித்தனியாக ஏதாவது ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் பின்னாளில் முதுநிலைப் படிப்புக்கும் சில மருத்துவமனை வேலைக்கும் கதவு சாத்தப்படும்.

2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் வெளிவந்த “ஆபரேஷன் நைட்டிங்கேல்” வழக்கு நினைவிருக்கலாம். மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமாக்கள் விற்கப்பட்டிருந்தன. “கிளினிக்கல் குறைவு, சீக்கிரம் முடியும், பணம் கட்டினால் போதும்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

போர்டின் இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதமும் இருக்கும். முதல் முறையிலேயே தேர்ச்சி பெற்றவர்களின் விகிதத்தைப் பாருங்கள், ஓராண்டு அல்ல, நான்கைந்து ஆண்டுகளுக்கு. கூடவே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் பாருங்கள். தேர்ச்சி விகிதம் வானத்தில் இருந்து, முடித்தவர் எண்ணிக்கை பாதாளத்தில் இருந்தால், பலவீனமானவர்களை நடுவழியில் இறக்கிவிட்டுத்தான் அந்த விகிதம் வந்திருக்கும்.

இரண்டாம் படி: பல்கலைக்கழகத்தின் தாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

பெரும்பாலோர் கம்யூனிட்டி காலேஜின் முன்பாடப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். இயல்புதான், அங்கேதானே முதலில் சேர்கிறோம். ஆனால் கையில் முதலில் இருக்க வேண்டியது பி.எஸ்.என். பட்டத்துக்குத் தேவையான பாடங்களைப் பட்டியலிட்ட தாள். இளநிலைப் பட்டம் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். அதில் ஏறத்தாழ 30 கிரெடிட்டைப் பல்கலைக்கழகத்திலேயே எடுத்திருக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. மீதியெல்லாம் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வரலாம், அதுவும் அவர்கள் வைத்திருக்கும் உச்சவரம்புக்குள். கூட்டு ஒப்பந்தம் இருந்தால் இந்த உச்சவரம்பு சாதாரண மாணவர்களுக்கு இருப்பதைவிடத் தாராளமாக இருக்கும்.

முன்பாடங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆய்வகத்தோடு கூடிய உடற்கூறியல்-உடலியங்கியல் இரண்டு பகுதிகள், ஆய்வகத்தோடு நுண்ணுயிரியல், வேதியியல், ஆங்கிலக் கட்டுரை இரண்டு செமஸ்டர், உளவியல், கணிதம். இதில் உடற்கூறியல்தான் வடிகட்டி. எலும்பு, தசை, நரம்பு என்று பெயர்களை மனப்பாடம் செய்வதோடு முடியாது. ஆய்வகத் தேர்வில் மாதிரியின் மேல் குத்தி வைத்திருக்கும் ஊசியைப் பார்த்து, சுமார் ஒரு நிமிடத்தில் பெயரைச் சரியான எழுத்துகளோடு எழுத வேண்டும்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசங்கள் கண்ணில் படும். காலேஜ் கேட்காத புள்ளியியலைப் பல்கலைக்கழகம் கேட்கும். காலேஜுக்கு ஏதாவது ஓர் உளவியல் பாடம் போதும். பல்கலைக்கழகத்துக்கு, பிறப்பு முதல் முதுமை வரையிலான வளர்ச்சி உளவியல்தான் வேண்டும். வேதியியலில் எந்தப் பாட எண் என்பதுகூட முக்கியம். பொதுக்கல்விப் பாடங்களிலும் பல்கலைக்கழகத்துக்கென்று சில விநோதங்கள் இருக்கும்: வரலாறு, பண்பாட்டுப் பன்மை, நுண்கலை. நர்சிங் தொடங்கியபின் இவற்றுக்கெல்லாம் நேரம் கிடைக்காது. ஆகவே காலேஜ் கேட்காவிட்டாலும், பல்கலைக்கழகம் கேட்கும் பொதுப்பாடங்களை மலிவான காலேஜ் கட்டணத்தில் முன்பே முடித்துவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணிலும் இரண்டு அளவுகோல். காலேஜுக்கு “சி” போதும் என்று இருக்கலாம். கூட்டுத் திட்டத்துக்கு அறிவியல் பாடங்களில் சராசரி 3.0 வேண்டும் என்று இருக்கலாம். அறிவியல் பாடங்களுக்குக் காலாவதியும் உண்டு: ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு மேல் பழையதானால் திரும்பப் படிக்கச் சொல்லும் கல்லூரிகள் பல. ஒரே பாடத்தை இத்தனை முறைக்கு மேல் திரும்ப எடுக்கக் கூடாது என்றும் விதி இருக்கும். முறைக்கணக்கில் பாதியில் விலகியதும் சேருமா என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதம்.

இந்திய டிரான்ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு

ஊர்க் கல்லூரிப் பாடங்களை மதிப்பிடத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன, டபிள்யூ.இ.எஸ். அதில் பிரபலம். பட்டம் மட்டும் சமமானதா என்று சொல்லும் அறிக்கை போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டும் கிரேடும் போட்ட விரிவான அறிக்கையை வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்பதை இரண்டு இடத்திலும் கேட்ட பிறகுதான் பணம் கட்ட வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க ஊரில் ஒருவரை அலையவிட வேண்டியிருக்கும் என்பதால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள்.

கணிதம், புள்ளியியல், சில பொதுப்பாடங்கள் இப்படி மறுபடி படிக்காமலே கழிய வாய்ப்பு உண்டு. உடற்கூறியலும் நுண்ணுயிரியலும் கழிவது அபூர்வம். இங்கேயே படித்துவிடுவது நுழைவுத் தேர்வுக்கும் உதவும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கப்படலாம்.

மூன்றாம் படி: நுழைவுத் தேர்வும் புள்ளிகளும்

டீஸ் அல்லது ஹெசி ஏ-2, இரண்டில் ஒன்று. டீஸ் தேர்வில் வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்று நான்கு பகுதிகளில் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். நம் ஊர்க்காரர்களுக்குக் கணிதம் பொதுவாகப் பிரச்சினை இல்லை. வாசிப்புப் பகுதியில்தான் நேரம் போதாமல் போகும். உடற்கூறியல் முடித்த சூட்டோடு எழுதிவிட்டால் அறிவியல் பகுதிக்குத் தனியாகத் தயாராக வேண்டியதில்லை.

இடம் ஒதுக்கும் முறை மாநிலத்துக்கு மாநிலம், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் மதிப்பெண், தேர்வு, முன் அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்துவார்கள். சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல். சில இடங்களில் குலுக்கல். புள்ளி முறை இருந்தால் சி.என்.ஏ. எனப்படும் நர்சிங் உதவியாளர் சான்றிதழுக்கோ வேறொரு மொழி தெரிந்திருப்பதற்கோ கூடுதல் புள்ளி உண்டா என்று பாருங்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சி.என்.ஏ. பயிற்சிக்கு இன்னொரு பயனும் உண்டு: நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கைத்தட்டு வைப்பது, படுக்கையில் ஆளை வைத்துக்கொண்டே விரிப்பு மாற்றுவது இதெல்லாம் தன்னால் முடியுமா என்பது, பெரிய செலவு செய்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நான்காம் படி: இரண்டு விண்ணப்பங்கள், ஒரே பெயர்

கூட்டுப் படிப்பிலும் பொதுவாக விண்ணப்பம் இரண்டு. முதலில் கல்லூரியில் சாதாரண மாணவராகச் சேர்ந்து, பிறகு நர்சிங் பிரிவுக்குத் தனியாக, அதன்பின் பல்கலைக்கழகத்துக்கு. கடைசித் தேதிகள் ஒன்றாக இருக்காது. காலேஜின் முடிவு தெரிவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் தேதி முடிந்துவிடவும் கூடும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குப் பழகிய தலைவலி ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர், மதிப்பெண் சான்றிதழில் வெறும் இன்ஷியல் என்று மூன்று விதமாக இருக்கும். இரண்டு கல்லூரி, நுழைவுத் தேர்வு, பின்னணிச் சோதனை, கடைசியில் என்கிளெக்ஸ் பதிவு எல்லாவற்றிலும் ஒரே வடிவத்தைக் கொடுங்கள். என்கிளெக்ஸ் மையத்தில் பதிவு செய்த பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.

ஐந்தாம் படி: கிளினிக்கலுக்கு முந்தைய கோப்பு

இடம் கிடைத்த சந்தோஷத்தில் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுபவர்கள் திண்டாடுவார்கள். மருத்துவமனைக்குள் காலடி வைப்பதற்கு முன் பின்னணிச் சோதனை, கைரேகை, போதைப்பொருள் சோதனை, தடுப்பூசி ஆவணங்கள், அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ், உடல்தகுதிப் படிவம் எல்லாம் பதிவேறியிருக்க வேண்டும். அரிசோனாவில் லெவல் ஒன் கைரேகை அனுமதி அட்டை கேட்பார்கள். கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மாநிலமாக இருந்தாலும், சோதனையில் தென்பட்டால் இடம் பறிபோகலாம்.

தடுப்பூசியில்தான் நம்மவர்களுக்கு வேலை அதிகம். ஊரில் சின்ன வயதில் போட்ட ஊசிகளுக்கு அட்டை இருக்காது. அதனால் தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ்-பி ஆகியவற்றுக்கு டைட்டர் எனப்படும் ரத்தப் பரிசோதனை எடுத்து, எதிர்ப்புச்சக்தி இருப்பதைக் காட்ட வேண்டும். சின்ன வயதில் அம்மை வார்த்து வேப்பிலை கட்டியவர்களுக்குச் சின்னம்மை டைட்டர் பெரும்பாலும் சரியாகவே வரும். ஹெபடைடிஸ்-பி எதிர்ப்புச்சக்தி இல்லையென்றால் வழக்கமான மூன்று ஊசிகள் 0, 1, 6 மாதங்களில். ஆறு மாதம் ஓடிவிடும்! நான்கு வார இடைவெளியில் இரண்டே ஊசியில் முடியும் வகையும் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

காசநோய்ச் சோதனை அடுத்தது. பிறந்ததும் பி.சி.ஜி. போட்டுத் தோளில் தழும்போடு வந்தவர்களுக்கு, தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலேயே வீங்கிப் பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு மார்பு எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று இழுபறி. தொடக்கத்திலேயே குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்; பி.சி.ஜி. அதைக் குழப்பாது. வரிசையும் முக்கியம்: எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி), சின்னம்மை ஊசிகள் உயிருள்ள வகை என்பதால், அவை போட்ட அன்றே காசநோய்ச் சோதனையைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த இரண்டு ஊசிகளையும் போடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதை முன்கூட்டியே முடித்துக்கொள்ளட்டும்.

பணம்

மத்திய அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கும் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவத்தில் இரண்டு கல்லூரிகளையும் குறிப்பிடலாம். ஆனால் ஒரே காலகட்டத்தில் இரண்டு இடத்திலிருந்தும் மத்திய அரசின் உதவித்தொகை வாங்க முடியாது. இரு கல்லூரிகளுக்கும் இடையே கன்சார்ட்டியம் ஒப்பந்தம் இருந்தால், ஓர் இடம் “வீட்டுக் கல்லூரி” ஆகி, இரண்டிலும் எடுக்கும் கிரெடிட்டைச் சேர்த்துக் கணக்கிட்டு உதவி வழங்கும். எது வீட்டுக் கல்லூரி என்பதை உதவித்தொகை அலுவலகத்தில் ஒவ்வொரு செமஸ்டரும் உறுதி செய்யுங்கள்.

பெல் கிரான்ட் என்ற மத்திய உதவித்தொகை 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். இது முதல் இளநிலைப் பட்டத்துக்கு மட்டும்தான். இந்தியாவில் வாங்கிய பட்டமும் கணக்கில் சேரும்; மறைத்து வாங்கினால் பிறகு திருப்பிக் கட்ட நேரும். எச்-4, எஃப்-1 விசாக்காரர்களுக்கு மத்திய உதவி கிடையாது. ஆனால் எச்-4 குடும்பங்களுக்குப் பல மாநிலங்களில் உள்ளூர்க் கட்டணச் சலுகை உண்டு.

ஏ.டி.என். முடித்து வேலையில் சேர்ந்தபின் மீதிக் கட்டணத்தை மருத்துவமனையே தரக்கூடும். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அந்த உதவிக்கு வருமான வரி இல்லாமல் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பதிலுக்கு இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஆறாம் படி: படிக்கும் காலம்

நர்சிங் பாடங்களில் தேர்ச்சிக் கோடு பொதுவாக 75 முதல் 78 சதவீதம். 74.9 வாங்கினால் 75 ஆக்க மாட்டார்கள். இரண்டு பாடத்தில் தவறினால் படிப்பிலிருந்தே வெளியேற்றும் கல்லூரிகள் நிறைய. கேள்விகளில் நான்கு விடையும் சரியாகவே தெரியும். முதலில் எதைச் செய்வாய் என்பதுதான் கேள்வி. மனப்பாடத்தில் வளர்ந்த நமக்கு இது பழக ஒரு செமஸ்டர் பிடிக்கும்.

மருந்துக் கணக்குத் தேர்வு தனி. 90 அல்லது 100 சதவீதம் எடுத்தால்தான் கிளினிக்கலுக்கு விடுவார்கள். ஒரு மாதிரிக் கணக்கு: குழந்தையின் எடை 44 பவுண்டு. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம். எடை 20 கிலோ, ஒரு நாளைக்கு 500, ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம், ஆகவே 10 மில்லிலிட்டர். பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் மருந்து இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். விடையை “10.0” என்று எழுதினால் அதுவும் தவறு, புள்ளி கண்ணில் படாமல் போனால் அது 100 ஆகிவிடும் என்பதால். அதேபோல அரை மில்லிகிராமை “.5” என்று எழுதக் கூடாது, “0.5” என்றுதான் எழுத வேண்டும்.

ஒரே நேரத்தில் படிக்கும் வகையில், இதற்கு மேல் பல்கலைக்கழகப் பாடங்கள் ஆன்லைனில் ஓடிக்கொண்டிருக்கும்: ஆதார அடிப்படையிலான மருத்துவப் பணி, சமூக சுகாதாரம், தலைமைத்துவம், சுகாதாரக் கொள்கை, தகவல் தொழில்நுட்பம். இவை நர்சிங் பாடங்களைவிடக் கடினம் இல்லை. ஆனால் ஒரே செமஸ்டரை இரண்டாக வெட்டி ஏழரை வாரத்தில் முடிப்பது அரிசோனா ஸ்டேட் போன்ற இடங்களில் வழக்கம். அந்த வேகத்தில் வாரம் ஒரு கட்டுரை, கலந்துரையாடல் பதிவு, ஏ.பி.ஏ. முறையில் மேற்கோள் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். காலை ஆறே முக்காலுக்கு மருத்துவமனையில் நின்று, மாலை ஏழரைக்குத் திரும்பி, சமைத்துவிட்டு ராத்திரி கட்டுரை எழுதுவது சிலருக்குக் கைவரும், சிலருக்கு வராது.

வராது என்றால் பல்கலைக்கழகப் பாடங்களைக் கோடை விடுமுறைக்குத் தள்ளுங்கள், அல்லது கூட்டுப் பிரிவிலிருந்து விலகி ஏ.டி.என். மட்டும் முடித்துவிட்டுப் பிறகு வாருங்கள். ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்காக ஒரு நர்சிங் பாடத்தைக் கோட்டைவிடுவது கட்டுப்படியாகாது. பல்கலைக்கழகப் பாடம் அடுத்த செமஸ்டரிலும் இருக்கும். நர்சிங் வகுப்பில் போன இடம் திரும்புமா என்பது அந்த வகுப்பில் காலியிடம் இருந்தால்தான். விலகுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எடுத்து முடித்த பல்கலைக்கழகக் கிரெடிட் எத்தனை ஆண்டு செல்லும்?

ஏழாம் படி: இரண்டு முடிவுகள், நடுவில் ஒரு தேர்வு

ஏ.டி.என். பட்டம் தானாக வந்து சேராது. பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி, நீங்கள் படிப்பை முடித்ததை மாநில போர்டுக்குத் தெரிவிக்கும். போர்டில் ஒரு விண்ணப்பம், தேர்வு மையங்களை நடத்தும் பியர்சன் வியூவில் 200 டாலர் கட்டிப் பதிவு, பிறகு தேர்வெழுத அனுமதிக் கடிதம். 2023 ஏப்ரல் முதல் என்கிளெக்ஸ் புதிய வடிவில், நோயாளியின் முழுக் கதையைக் கொடுத்துத் தொடர்கேள்விகள் கேட்கிறது. குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. உங்கள் விடைக்கு ஏற்பக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுப்பதால், 85-ல் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படவும் முடியாது, அழவும் முடியாது.

பி.எஸ்.என். கடைசிப் பாடங்கள் மீதியிருக்கும்போதே என்கிளெக்ஸை எழுதிவிடுங்கள். படித்தது சூடாக இருக்கும்போது எழுதுவது ஒரு காரணம். இன்னொன்று, சில பல்கலைக்கழகங்கள் கடைசி நர்சிங் பாடங்களுக்கும் சமூக சுகாதாரக் களப்பணிக்கும் செல்லுபடியாகும் ஆர்.என். லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும் என்கின்றன. தேர்வைத் தள்ளிப்போட்டால் பட்டமும் தள்ளிப்போகும்.

வேலை விண்ணப்பத்தில் “பி.எஸ்.என்., எதிர்பார்க்கும் மாதம் இன்னது” என்று குறிப்பிடலாம், இரண்டாம் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவரைப் பல மருத்துவமனைகள் புதிய நர்ஸ்களுக்கான பயிற்சித் திட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன. கடைசி செமஸ்டரில் காலேஜின் இறுதி டிரான்ஸ்கிரிப்ட், ஏ.டி.என். பட்டம் வழங்கப்பட்ட தேதியோடு, பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் பதிவாவதற்கு முன்பே அனுப்பியிருந்தால், மறுபடி அனுப்பும்வரை பி.எஸ்.என். பட்டத்துக்கான பாடங்களைச் சரிபார்க்கும் தணிக்கை முடியாமல் நிற்கும். அது முடிந்து பட்டம் பதிவானபின், புதிய டிரான்ஸ்கிரிப்டை மருத்துவமனையின் மனிதவளப் பிரிவுக்கு நீங்களேதான் அனுப்ப வேண்டும். பி.எஸ்.என்.னுக்குக் கூடுதல் சம்பளம் தரும் மருத்துவமனைகளில், அது கணக்கில் ஏறுவது பெரும்பாலும் அந்தத் தாள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான்.